வெளுத்துப்போன ஃபைபர் படகுக்கு மறுபடி நிறம் வருமா?

ஏப்ரல் 19, 2025 (கேள்வி)

“பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய ஃபைபர் படகு, நல்ல கருநீலமாக இருந்தது. இப்போது வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, கை வைத்தால் பொடி ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் தேய்த்தேன். அப்படியே புதுப் படகு. இதற்குப் போய் பாலிஷ் போடுகிற பஃபிங் மெஷின், உரசித் தேய்க்கிற காம்பவுண்ட் பசை, வேக்ஸ் என்று எதற்குக் காசைக் கொட்டுகிறீர்கள்?”

ஏப்ரல் 19, இரவு

புதுசாகவில்லை தம்பி, நனைந்திருக்கிறது. நான் திருவொற்றியூரில் கார் பெயின்ட் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மச்சானுக்கு ஒரு பழைய ஃபைபர் இருப்பதால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

படகின் வெளித்தோலுக்கு ஜெல் கோட் என்று பெயர். அச்சுக்குள் முதலில் அடிக்கிற, நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அதன்மேல் கண்ணாடி நாரால் ஆன பாயை விரித்து ரெசின் பூசிக் கட்டிக்கொண்டே போவார்கள், அச்சைக் கழற்றும்போது முதலில் அடித்தது வெளிப்பக்கம் வந்து நிற்கும். தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் இந்த ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, காற்றும் ஈரமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. மேலே இருக்கிற ரெசின் சிதைந்ததும் அது பிடித்து வைத்திருந்த நிறத்தூள் அநாதையாக மேலேயே கிடக்கும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான்.

இப்படி அரித்த தோல் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. பள்ளத்தில் எண்ணெய் நிரம்பினால் சிதறல் குறைந்து அடியில் உள்ள நீலம் தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை காயும்வரை கன்னங்கரேலென்று இருக்குமே, அந்தக் கதை. இன்னும் கொஞ்ச நாள் வெயிலில் கிடக்கட்டும், மண்ணெண்ணெய் பறந்துவிடும், தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் வந்து குடியேறும். அப்போது வந்து சொல்லுங்கள்.

ஏப்ரல் 20

நேற்று சொல்லாமல் விட்டது ஒன்று. எண்ணெய் தேய்த்ததில் உங்களுக்கே தெரியாமல் ஒரு சோதனை செய்துவிட்டீர்கள். நனைந்தபோது நீலம் வந்தது அல்லவா, அப்படியென்றால் அடியில் நல்ல ஜெல் கோட் இன்னும் இருக்கிறது, பாலிஷுக்குத் தாங்கும். எண்ணெயே வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். நனைந்தும் நிறம் வராமல் வெளுப்பாகவே நின்றால் நிறத்தூளே வெயிலில் செத்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் கிடைப்பது கஷ்டம். சிவப்பில்தான் இந்தத் தொல்லை அதிகம். வெள்ளைப் படகுக்காரர்கள் பாக்கியசாலிகள், வெளுத்தாலும் வெளியே தெரியாது.

ஏப்ரல் 20, மாலை

“காருக்குப் போடுகிற மாதிரியே போட்டால் என்ன?” என்று ஒருவர். போடலாம், கணக்கு மட்டும் வேறு. காரில் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். அதில் 600 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் குறையக் குறைய முரடு) வைத்தால் கார்க்காரர் என்னை வைத்துத் தேய்ப்பார். ஜெல் கோட் அதைப்போல் பத்து மடங்கு தடிமன். அதனால் துணிச்சலாக உரசலாம் என்று தோன்றும். ஆனால் காரில் தேய்ந்தால் மறுபடி பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், படகில் தேய்ந்தால் அடுத்து வருவது கண்ணாடி நார், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

ஏப்ரல் 22

கழுவுவதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எல்லோருக்கும் மெஷின்தான் வேண்டும். பாதி வேலை கழுவுவதில் இருக்கிறது.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவுங்கள். காசிமேட்டில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று மச்சான் கேட்டான், அதுவும் சரிதான், டிரம்மில் பிடித்து வந்தோம். மணல் ஒரு பொட்டு இருந்தாலும் மெஷினில் மாட்டுகிற பேடுக்கு அடியில் சிக்கி வட்டவட்டமாகக் கோடு போட்டுவிடும். அடுத்து பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர். எண்ணெய், மீன் கொழுப்பு, டீசல் புகைப் படிவு எல்லாம் போக வேண்டும், பழவேற்காட்டுத் தம்பிக்கு தேங்காய் எண்ணெயும் போக வேண்டும். கடைசியில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிய வேண்டும், எங்காவது பிரிந்தால் அங்கே பிசுக்கு இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு துடைப்பு.

போல்ட்டிலிருந்து வழிந்த துருக்கறை, தண்ணீர் மட்டத்தில் இருக்கிற பழுப்புக் கோடு, இதெல்லாம் வெளுப்பு இல்லை, கறை. இதைத் தேய்த்து எடுக்கப் போனால் ஜெல் கோட் வீணாகும். ஆக்ஸாலிக் ஆசிட் பொடி, சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும், பளிங்குத் தரைக்காரர்கள் வாங்குவார்கள். தண்ணீரில் கரைத்துத் தடவிப் பத்து பதினைந்து நிமிஷம் காயாமல் வைத்திருந்து கழுவினால் துரு தானாகக் கரைந்து வரும். விஷம், கையுறை கட்டாயம், கண்ணில் படக்கூடாது, சோறு சாப்பிடுகிற பாத்திரத்தில் கலக்கக்கூடாது. சிங்க் பூசின இரும்பில் பட்டால் அந்தப் பூச்சையும் தின்றுவிடும்.

ஏப்ரல் 23

பாத்ரூம் ஆசிட் போடலாமா என்றால், வேண்டாம். இரும்புச் சாமான் எல்லாம் போய்விடும், உங்கள் நுரையீரலும் கூடப் போகும். பற்பசை? அதிலும் மெல்லிய உரசுபொடி இருக்கிறது, அதனால் வேலை செய்யும். முப்பது அடிப் படகுக்கு எத்தனை டியூப் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படகுக்கு வாய் நாறாது, அது ஒரு லாபம்.

ஏப்ரல் 27

சரி, உரசல்.

வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, துளி சோப்பு விட்டு, ரப்பர் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்துகிற இடம் மட்டும் பள்ளமாகும், இது பாலிஷ் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தொடங்கும்முன் பென்சிலால் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிடுங்கள். கோடு மறைந்த இடத்தில் பேப்பர் பட்டிருக்கிறது, மறையாத இடத்தில் படவில்லை. நம்பர் மாற்றும்போதெல்லாம் மறுபடி கிறுக்கு, திசையையும் மாற்று: 600 நெடுக்காகப் போனால் 800 குறுக்காக, 1000 மறுபடி நெடுக்காக. முந்தின நம்பரின் கோடு முழுசாகப் போன பிறகுதான் அடுத்தது. 600 போட்டுவிட்டு நேராக 1500க்குத் தாவுகிறவர்கள் மிச்சப்படுத்தின நேரத்தை எல்லாம் காம்பவுண்டில் இரண்டு மடங்காகக் கட்டுவார்கள்.

தேய்க்கும்போது வழிகிற தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் பால் மாதிரி வெளுப்பாக வரும், அது செத்த தோல். கொஞ்ச நேரத்தில் படகின் நிறத்திலேயே வரத் தொடங்கும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போவது நல்ல தோலை உரிப்பது. என் பட்டறையில் வேலை கற்க வந்த பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது, அவர்களுக்குத் தேய்க்க ஆரம்பித்தால் நிறுத்தவே மனசு வராது.

1500 முடிந்ததும் காம்பவுண்ட். கம்பளி பேட், இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம், காம்பவுண்டை முதலில் மெஷின் ஓடாமல் பேடால் பரப்பிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சட்டைதான் பாலிஷ் ஆகும். மெஷின் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. அதன் பிறகு ஸ்பாஞ்ச் பேடில் மெல்லிய பாலிஷ், கடைசியில் வேக்ஸ். விளிம்பு, மூலை, அணியத்தில் கூர்ந்து வருகிற முனை இங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஜெல் கோட் மெலிந்திருப்பதும் அங்கேதான், பேட் அதிகமாகக் கடிப்பதும் அங்கேதான். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் கையால் தேய்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 28

ஆங்கிள் கிரைண்டரில் கம்பளி பேட் மாட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். பஃபிங் மெஷினை நான் 1,200க்கும் 1,800க்கும் நடுவில்தான் ஓட்டுவேன். கிரைண்டர் வேகத்தில் ரெசின் சூடேறிக் கருகிப் பழுப்பாக இழுத்துக்கொள்ளும், அந்தக் கருகலை எடுக்க மறுபடி 600லிருந்து வர வேண்டும். வேகம் குறைக்கிற டயல் இல்லாத எதையும் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

மே 2

27ஆம் தேதி எழுதினதைத் திரும்பப் படித்தேன். 600லிருந்து வரிசையாகச் சொல்லிப் போனதால், எல்லோரும் 600 வாங்கிக்கொண்டு ஓடுவீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. கீழிருந்து மேலே வராமல், மெல்லியதிலிருந்து முரட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கை அகலத்துக்கு இடம் எடுத்து முதலில் வெறும் காம்பவுண்ட். நிறம் வந்துவிட்டால் பேப்பரே வேண்டாம். வராவிட்டால் 1000 போட்டுக் காம்பவுண்ட். அதுவும் போதவில்லை என்றால் 800. அதற்கும் மசியாத இடத்துக்குத்தான் 600. மச்சான் படகில் இடப்பக்கம் காம்பவுண்டுக்கே வந்துவிட்டது, வலப்பக்கம் 800 கேட்டது. கரையில் எப்போதும் ஒரே பக்கமாக நிறுத்தி வைப்பதால் வலப்பக்கத்துக்குத்தான் மேற்கு வெயில். ஒரே படகு, இரண்டு வைத்தியம்.

மே 2, இரவு

ராயபுரத்தில் ஃபைபர் தொட்டி செய்கிற ஒரு அண்ணன் என் முதல் குறிப்பைத் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது நியாயம். அரை மில்லிமீட்டர் என்பது ஒழுங்காக அடித்திருந்தால். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் குவிந்தபோது அவசர அவசரமாகக் கட்டினவையும் அதில் உண்டு. பிரஷ்ஷால் பூசினது ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், அளந்து பார்க்க நம் கையில் கருவி இல்லை. அவர் சொல்கிற அடையாளம்: வெயில் சாய்வாகப் படும்போது பக்கவாட்டில் பார்த்தால் அடியில் உள்ள கண்ணாடி நார் வரி வரியாகத் தெரிந்தால் அங்கே தோல் மெலிந்துவிட்டது, பேப்பர் போடாதே. இன்னொன்றும் சொன்னார், உள்பக்கம் பெரும்பாலும் அச்சுப் பக்கம் இல்லை, நிறம் கலந்த ரெசினை பிரஷ்ஷால் பூசியிருப்பார்கள். அதை எவ்வளவு பஃப் செய்தாலும் கண்ணாடி ஆகாது. கால் வைக்கிற இடம், மீன் கொட்டுகிற இடம், அங்கே எதற்குக் கண்ணாடி?

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. மத்தியானம் காம்பவுண்ட் போடாதீர்கள். படகின் தோல் தொட முடியாத சூட்டில் இருக்கும், காம்பவுண்ட் வைத்த உடனே காய்ந்து கட்டியாகும், கட்டி கோடு போடும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கத்தின் பாதியை முடித்தால் அதுவே பெரிசு. அப்புறம் கடல்காற்று கிளம்பிவிட்டால் மணலையும் கொண்டுவரும். காற்று வருகிற பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டுதான் நாங்கள் செய்தோம், அப்படியும் ஒருமுறை பேடைக் கழற்றி அலசி வர வேண்டியிருந்தது.

ஆள் வைத்துச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டில் லாஞ்சுகள் எல்லாம் அப்போதுதான் மராமத்துக்கும் பெயின்டுக்கும் நிற்கும். கைதேர்ந்த ஆள் ஒருத்தரும் உங்கள் ஃபைபருக்குக் கிடைக்கமாட்டார். கிடைத்தால் என்ன கூலி கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மே 9

இது உபயோகமான விஷயமா தெரியவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மச்சான் அந்தப் படகை இரண்டாம் கையாக வாங்கினான். பக்கவாட்டில் தன் மகள் பெயரை எனாமலில் எழுதி வைத்திருந்தான். பாலிஷுக்காக அதை எடுத்தோம், உரச உரச அதற்கு அடியில் வேறு ஒரு பெயர் மெல்ல எழும்பி வந்தது. முன்னாடி வைத்திருந்தவர் எழுதினது. பெயின்ட் என்றைக்கோ போய்விட்டது, ஆனால் அந்த எழுத்து மறைத்திருந்த இடத்தில் ஜெல் கோட்டுக்கு வெயிலே படவில்லை, சுற்றி இருப்பது வெளுத்தும் எழுத்து இருந்த இடம் பழைய நிறத்திலும் நின்றுவிட்டது. எங்கள் அக்கா கரைக்கு வந்து பார்த்துவிட்டு, யாரடா இந்தப் பெண் என்று மச்சானைக் கேட்டாள். நான் விளக்கம் சொன்னேன், நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

இந்த மாதிரி நிழலெழுத்தை முழுசாக எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள இடத்தை எல்லாம் நல்ல தோல் வரும்வரை இறக்க வேண்டும். நான் இறக்கவில்லை. சாய்வாகப் பார்த்தால் இன்னும் தெரியும். மேலே மறுபடி மகள் பெயரை எழுதிவிட்டான், பிரச்சினை ஓய்ந்தது. பதிவெண்ணையும் இப்படி அவசரப்பட்டு உரசிவிடாதீர்கள். சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படகைக் கடலில் இறக்கும்முன் அதை மறுபடி எழுதிவிடுங்கள், எண் இல்லாமல் போய் நின்றால் கேள்வி கேட்பார்கள்.

மே 11

எண்ணூர்க்காரர் கேட்டிருக்கிறார்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெய் அவர் படகில் அப்பிக்கொண்டது, அப்போதைக்குச் சுரண்டி எடுத்தார்கள், ஆனால் கறுப்பு இன்னும் உள்ளுக்குள் நிற்கிறது, 800 போட்டுப் பார்த்தால் பேப்பர் பிசினாகிறது.

பேப்பரை நிறுத்துங்கள் அண்ணே. வெளுத்த ஜெல் கோட் நுண்துளை நிறைந்தது, எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். உரசினால் சூட்டில் அது இளகிப் பக்கத்திலும் பரவும். முதலில் எண்ணெயை எண்ணெயால் இளக்க வேண்டும். சமையல் எண்ணெய் எதுவானாலும் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய துணியால் துடைத்தெடுத்து, துணியை மாற்றி மாற்றி, கறுப்பு வருவது குறைகிறவரை. அப்புறம் மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில் ஒரு துடைப்பு, அப்புறம் சோப்பு நீர், அப்புறம் அசிட்டோன். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், கரையில் பீடி பிடிக்காத ஆள் யார்?

பழவேற்காட்டுத் தம்பி சிரிப்பது இங்கே கேட்கிறது. சரி, தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பளபளப்புக்கு இல்லை, தாருக்கு.

கறுப்பான துணியையும் வழிகிற தண்ணீரையும் ஆற்றிலேயே விட்டுவிடாதீர்கள். இதை எண்ணூர்க்காரருக்கு நான் சொல்வது கொழுப்புத்தான், 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது வாளியில் அள்ளினவர்கள் இந்தக் கரை ஜனம். யாரோ கொட்டுகிறார்கள், நாம் துடைக்கிறோம். இருந்தாலும் துணியை மூட்டை கட்டிக் கொண்டுபோய்விடுங்கள்.

மே 18

எப்போது கைவிடுவது? நனைத்தும் நிறம் வரவில்லை, நார் தெரிகிறது, சிலந்தி வலை மாதிரி வெடிப்பு பரவியிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று பெரிய பரப்பில் இருந்தாலும் பாலிஷை மறந்துவிடுங்கள். பெயின்ட் அல்லது புது ஜெல் கோட்.

நம் கரையில் வழக்கம் என்னவென்றால் சிந்தெடிக் எனாமல் ஒரு டின் வாங்கி மேலேயே அடிப்பது. பொடி பூத்த தோலில் பிரைமர் இல்லாமல் எனாமல் அடித்தால் அது பொடியைத்தான் பிடித்துக்கொள்கிறது, படகை இல்லை. அடுத்த வருஷமே பட்டை பட்டையாக உரியும், உரிந்த இடத்தில் மறுபடி அடிப்பார்கள், ஐந்தாறு வருஷத்தில் படகின் மேல் ஒரு பெயின்ட் படகு இருக்கும். முறையாகச் செய்தால் நன்றாகக் கழுவி, 220 அல்லது 320 போட்டுக் கரகரப்பாக்கி, எபாக்சி பிரைமர் கொடுத்து, அதன்மேல் இரண்டு டப்பா கலக்கிற பாலியுரித்தேன். விலை அதிகம்தான். பாலியுரித்தேன் கலப்பில் ஐசோசயனேட் என்கிற நச்சு இருக்கிறது, ஸ்ப்ரே செய்கிறவர் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றால் போதாது.

எனாமல் அடிக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தினம் மணலில் இழுபடுகிற படகு அது, ஒரு டின் எனாமல் ஒரு சீசன் தாங்கினால் போதும் என்று கணக்குப் பார்க்கிறவருக்குக் கணக்கு தெரிந்துதான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு: நல்ல ஜெல் கோட் இருக்கிற படகின் மேல் முதல்முறை எனாமல் அடிப்பது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அடித்தே ஆக வேண்டும், திரும்பி வர வழி இல்லை.

மே 19

புது ஜெல் கோட் தானே அடித்துக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கு. அச்சுக்கு வெளியே, காற்றுப் படுகிற மாதிரி அடித்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், பாலியெஸ்டர் காற்றுப் பட்டால் மேலே சரியாக இறுகாது. கடைசிப் பூச்சுக்கு மெழுகுக் கரைசல் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள், மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்கும். ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். நம் மே மாத வெயிலில் கலக்கின ரெசின் மளமளவென்று இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஆக்சலரேட்டரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுசாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் இன்னொன்று. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து நேராக ஆஸ்பத்திரி. இந்த ஒரு விஷயத்தில் நான் பகடி செய்வதில்லை.

ஜூன் 1

வேக்ஸ். எந்த பிராண்டு என்று சண்டை போட வேண்டாம். காம்பவுண்ட் போட்டு விட்ட தோல் நிர்வாணமாக நிற்கிறது, அதே வாரத்தில் அதன்மேல் ஏதாவது போட்டாக வேண்டும், போடாவிட்டால் செய்ததெல்லாம் வீண். கார்னௌபா மெழுகு கண்ணுக்கு அழகு, நம் வெயிலில் சில மாதம். செயற்கை பாலிமர் சீலண்ட் கொஞ்சம் கூட நாள் நிற்கும். எதுவானாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னால் ஒன்று, கோடைக்கு முன்னால் ஒன்று.

நிற்கிற இடத்தில், வலை இழுக்கிற இடத்தில் வேக்ஸ் போடாதீர்கள். ஈரக்காலோடு வழுக்கினால் நேராகக் கடல்தான். வெளிப்பக்கம் மட்டும். அடிப்பக்கமும் வேண்டாம், மணலில் இழுக்கிற படகுக்கு அடியில் பாலிஷ் போட்டு மீனுக்கா காட்டப் போகிறீர்கள்?

காரின் டேஷ்போர்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைப் படகுக்கு அடித்துப் பளபளப்பாக்குகிறார்களாம். அதில் சிலிக்கோன் இருக்கும். இன்றைக்கு ஜொலிக்கும், நாளைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால் குழி குழியாக விலகி நிற்கும். எங்கள் பட்டறையில் சிலிக்கோன் பாட்டிலை பெயின்ட் அறைப்பக்கமே விடமாட்டேன்.

ஜூன் 8

“எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?” சாமானுக்கு ஆகிறதைவிடக் கூலிக்குத்தான் அதிகம். நீங்களே செய்தால் முதுகுக்கு ஆகும்.

ஆகஸ்ட் 3

கடைசியாக எழுதி வெகுநாளாயிற்று. மச்சான் படகைப் பார்த்துவிட்டு வருகிறேன். வேக்ஸின் மேல் தண்ணீர் இன்னும் முத்தாக நிற்கிறது, வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருக்கிறது, கையில் பொடி ஒட்டவில்லை. வலை உரசுகிற விளிம்பில் பாலிஷ் இருந்த அடையாளமே இல்லை. அது எதிர்பார்த்ததுதான், அங்கே மறுபடி காம்பவுண்ட் போட நான் விடமாட்டேன்.

இத்தனை மெஷினையும் காம்பவுண்டையும் விட, மே மாதம் கட்டின தார்ப்பாய்க்குத்தான் அதிகம் மார்க் போடுவேன் என்று தோன்றுகிறது. வேலை முடிந்தும் அதை அவன் கழற்றவில்லை, படகு கரையில் இருக்கிற பொழுதெல்லாம் மேற்குப் பக்கம் இழுத்துக் கட்டிவிடுகிறான். ஒட்டிக் கட்டக்கூடாது, காற்றில் அடித்து உரசும், உள்ளே ஈரமும் தங்கும். மூங்கில் கொடுத்து ஒரு சாண் தள்ளி. பக்கத்துப் படகுக்காரர் தென்னங்கீற்று சாத்தியிருக்கிறார், அதுவும் அதே வேலையைச் செய்கிறது, இலவசமாக. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் ஜெல் கோட்டில் கொஞ்சம் செலவாகிறது, அது வங்கிக் கணக்கில் திரும்ப ஏறப்போவதில்லை. நிழலுக்கு அந்தச் செலவு இல்லை.

ஆகஸ்ட் 5

பழவேற்காட்டுத் தம்பி கடைசியில் வந்துவிட்டார், எண்ணெய் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் மெஷின் இரவல் கேட்கிறார். புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிடுங்கள். கம்பளி பேட் தரமாட்டேன், அதை நீங்களே வாங்க வேண்டும், 800உம் 1000உம் கூட. 600 வாங்காதீர்கள், கையில் இருந்தால் போட்டுவிடுவீர்கள். கரையில் கரண்டு எங்கிருந்து எடுப்பீர்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒயர் ஈர மணலில் கிடக்கக்கூடாது.